பஸ் ஊருக்குள் வரவில்லை என்றால்: நெல்லைப் பயணிக்கு ஒரு முழு வழிகாட்டி

சாயங்காலம் நாலரை மணிக்கு வண்ணார்பேட்டையில் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். அம்பாசமுத்திரம் போகிற வண்டி ஒன்று வரும். பின்படியில் ஏழெட்டுப் பள்ளிக்கூடப் பையன்கள், ஒவ்வொருவன் முதுகிலும் மூட்டை மாதிரி பை. கியர் பாக்ஸ் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். டிரைவர் ஏர் ஹாரனை அமுக்குவார், காது இரண்டும் அடைத்துப்போகும். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "இடையில இறங்குறவங்க ஏறாதிய, சேரன்மாதேவிதான் அடுத்த ஸ்டாப்பு" என்பார். அந்த ஒரு வண்டிக்குள்ளேயே மோட்டார் வாகனச் சட்டம் நாலைந்து இடத்தில் உடைந்து கிடக்கிறது. பத்தடி தள்ளிப் போக்குவரத்துக் காவலர் நிற்பார். பார்த்துக்கொண்டுதான் நிற்பார்.

இதைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான்: "யாருட்ட போய்ச் சொல்ல?" அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் ஒரு சங்கதி. 2024 மே மாதம் நாங்குநேரி பக்கம் அரசு பஸ்ஸில் ஏறிய காவலர் ஒருவர் டிக்கெட் எடுக்க மறுத்தார். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பணிப் பயணத்துக்கான வாரண்ட் இருந்தால்தான் போலீசுக்கு இலவசம் என்று போக்குவரத்துத் துறை சொன்னது. அடுத்த நாட்களில் மாநிலம் முழுக்க அரசு பஸ்களுக்கு மளமளவென்று அபராதம் விழுந்தது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியது, சீருடை இல்லை, சீட் பெல்ட் இல்லை. பிறகு காவலரும் கண்டக்டரும் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆனார்கள், அபராதமும் நின்றுபோனது. அந்த ஒரு வாரத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: விதியும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், அபராத ரசீதும் இருக்கிறது. எல்லாம் தூங்குகிறது. எழுப்புகிற மாதிரி எழுப்பினால் எழுந்திருக்கும்.

முதலில்: அது யாருடைய வண்டி?

பாதிப் புகார்கள் தவறான வாசலில் போய் விழுந்துதான் செத்துப்போகின்றன. நம்பர் பலகையைப் பாருங்கள். மாவட்ட எண்ணுக்குப் பிறகு 'என்' என்ற எழுத்து வந்தால் அது அரசுப் போக்குவரத்துக் கழக வண்டி. பெரியவர்கள் இன்னும் 'கட்டபொம்மன் பஸ்' என்றே சொல்வார்கள். 1997-இல் தலைவர்கள் பெயரெல்லாம் எடுக்கப்படும் வரை இந்தக் கழகத்தின் பெயர் அதுதான். 'என்' இல்லாவிட்டால் தனியார் பஸ் அல்லது மினி பஸ்.

அரசு பஸ் என்றால் கழகத்தின் 149 என்ற உதவி எண்ணில் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே எந்தப் பணிமனை வண்டியோ அந்தக் கிளை மேலாளருக்கு ஒரு கடிதம். பணிமனைப் பெயர் பஸ்ஸின் உடம்பிலேயே எழுதியிருக்கும். தனியார் பஸ், மினி பஸ் என்றால் 149-ஆல் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அவர்களுக்கு வழித்தட அனுமதி, அதாவது பெர்மிட், கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். நம் மாநிலத்தில் மாவட்ட ஆட்சியர்தான் அந்த ஆணையம் என்பது பலருக்குத் தெரியாது. ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் மனு 'மேலிடத்து முறையீடு' என்று நினைக்கிறோம். பஸ் விஷயத்தில் அதுதான் நேர் வாசல்.

டி.என். 72 திருநெல்வேலி, 76 தென்காசி, 79 சங்கரன்கோவில். இது வண்டி பதிவான இடத்தைத்தான் சொல்லும். பெர்மிட் கொடுத்தது வேறு அலுவலகமாக இருக்கலாம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்து வண்டிகளில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடியிருக்கிறது. அதை அவிழ்க்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த விதி என்று எழுதினால்தான் மனு நகரும்

'பஸ்காரர்கள் அட்டூழியம்' என்று தலைப்புப் போட்ட மனுவை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதை வாங்குகிற எழுத்தர் எந்தக் கோப்பில் வைப்பார்? விதி எண்ணைப் போட்டுவிட்டால் பதில் எழுதியாக வேண்டும்.

படிக்கட்டில் ஆளைத் தொங்கவிட்டு ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி தப்பு. அந்தத் தப்பு டிரைவர், கண்டக்டர் மேலும்தான் விழுகிறது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினால் 194ஏ: கூடுதல் பயணி ஒருவருக்கு 200 ரூபாய். எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை பேர் நிற்கலாம் என்று வண்டிக்குள்ளேயே பெயிண்டால் எழுதியிருப்பார்கள். அதைப் போட்டோ எடுங்கள். பல ராகம் பாடுகிற ஹாரனும் காதைக் கிழிக்கிற ஹாரனும் வண்டியில் பொருத்தவே கூடாது என்கிறது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆவது விதி. இரைச்சல் வரம்பை மீறி ஓட்டினால் 190(2)-இன் கீழ் 10,000 ரூபாய் வரை போகலாம், உரிமமும் மூன்று மாதம் நிற்கலாம். டிக்கெட் தராமல் காசு மட்டும் வாங்குவது 178. கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவது 184; 1,000 முதல் 5,000 வரை அபராதம், சிறையும் உண்டு.

இவையெல்லாம் ஓரளவு தெரிந்தவை. தெரியாத ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் அடிக்கடி பயன்படுத்துகிறேன். அதே மத்திய விதிகளில் 21-ஆவது விதி. ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ காரணமாகும் செயல்களின் பட்டியல் அது. அனுமதித்த நிறுத்தத்தில் போதிய நேரம் நிறுத்தாதது அதில் உண்டு. கால அட்டவணையை விட்டுவிட்டு வழியில் சும்மா நின்று தாமதம் செய்வது உண்டு. ஜங்ஷனில் கூட்டம் சேரும் வரை உறுமிக்கொண்டே நிற்கிறார்களே, அதுதான். பயணியை மரியாதைக் குறைவாகப் பேசுவது உண்டு. டிரைவருக்குப் பார்வை மறைக்கும்படி, கட்டுப்பாடு போகும்படி பக்கத்தில் ஆளை உட்காரவைப்பதும் உண்டு. கியர் பாக்ஸ் பக்கத்து இரண்டு பேரும் இதற்குள் வந்துவிட்டார்கள். 'விதி 21-இன்படி நடவடிக்கை கோருகிறேன்' என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் என் மனு ஒன்றுக்கு முதன்முதலாக விசாரணைக் கடிதம் வந்தது.

ஒரு எச்சரிக்கை. படிக்கட்டுப் பயணத்தை மட்டும் புகார் செய்தால் என்ன நடக்கும் தெரியுமா? மறுநாள் பையன்களை இறக்கிவிட்டுவிட்டு வண்டி போய்விடும். பாதிப் பேருக்குக் கையில் இலவச பஸ் பாஸ், அடுத்த வண்டி ஒரு மணி நேரம் கழித்து. நாம் புகார் எழுதி நாமே பிள்ளைகளை நடக்கவிட்டது மாதிரி ஆகிவிடும். கூடுதல் ஆட்களை இறக்கினால் அவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்த பிறகே வண்டி நகரலாம் என்று 194ஏ பிரிவே சொல்கிறது. ஆகவே படிக்கட்டைப் பற்றி எழுதும் மனுவில் 'இந்த நேரத்துக்கு இந்தத் தடத்தில் கூடுதல் நடை (டிரிப்) வேண்டும்' என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அதில்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

பெர்மிட் நகலை வாங்குங்கள்

எங்கள் ஊருக்கு ஒரு மினி பஸ் வரவேண்டும். வரவேண்டும் என்பது காகிதத்தில். நடப்பில் எங்களுக்கு இரண்டு ஊர் முன்னாலேயே, ஒரு ஆலமரத்தடியில் வட்டமடித்துத் திரும்பிவிடும். அங்கிருந்து எங்கள் ஊர் இரண்டரை கிலோமீட்டர். தலையில் தீவனக் கட்டோடு வரும் ஆச்சிமார்கூட இறங்கி நடக்க வேண்டும். கேட்டால், "ரோடு சரியில்ல அண்ணாச்சி, டயர் போயிரும்" என்பார்கள். ரோடு போட்டபிறகு, "கலெக்சன் இல்ல அண்ணாச்சி" என்றார்கள்.

மினி பஸ்ஸின் கதையே வேறு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 1997-இல் அந்தத் திட்டம் வந்ததே பஸ் இல்லாத ஊர்களுக்காக. அந்தப் பழைய திட்டத்தில் 20 கிலோமீட்டர் தடத்தில் 16 கிலோமீட்டர் பஸ் ஓடாத சாலையாக இருக்க வேண்டியிருந்தது, 4 கிலோமீட்டர்தான் பஸ் ஓடும் சாலை. 2025-இல் வந்த புதுத் திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், ஆனால் அதிலும் 65 சதவீதம் பஸ் வசதியில்லாத பாதையாக இருந்தாக வேண்டும். ஆக, கடைசி ஊர்களை வெட்டிவிட்டு மெயின் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவர், எந்தக் காரணத்துக்காகப் பெர்மிட் பெற்றாரோ அந்தக் காரணத்தையே வெட்டிவிட்டார். இதைச் சொல்லத் தெரிந்தவுடன் பேச்சின் எடை மாறிவிடுகிறது.

என் முதல் இரண்டு மனுவும் போன இடம் தெரியவில்லை. 'எங்கள் ஊருக்கு பஸ் வருவதில்லை' என்றுதான் எழுதியிருந்தேன். எந்த பஸ், வரவேண்டும் என்று யார் சொன்னது? என்னிடம் ஆதாரம் இல்லை. மூன்றாவது மனுவுக்கு முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் போனேன்.

அது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: இன்ன எண்ணுள்ள வண்டியின் அனுமதிச் சீட்டு நகல், அனுமதித்த வழித்தடமும் நிறுத்தங்களும், நாள் ஒன்றுக்கு எத்தனை நடை, ஒவ்வொரு நடையின் புறப்படும் நேரம், கடந்த இரண்டு வருஷத்தில் அந்த வண்டி மேல் போட்ட சோதனை அறிக்கைகளின் நகல். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்ற கேள்விக்குத் தகவல் கிடையாது என்று திருப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள், காரணத்தைக் கேட்காதீர்கள்.

தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோமோ என்ற பயம் வேண்டாம். 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் அவர்களே சரியான அலுவலகத்துக்கு மாற்றிவிட வேண்டும். திருநெல்வேலியா தென்காசியா என்ற குழப்பத்துக்கு மருந்து இதுதான். 30 நாளில் பதில் வரவில்லையென்றாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். எனக்கு முதலில், 'இது மூன்றாம் நபர் தகவல்' என்று பதில் வந்தது. பொதுச் சாலையில் பொதுமக்களை ஏற்ற அரசு கொடுத்த அனுமதி எப்படித் தனிநபர் ரகசியமாகும் என்று மேல்முறையீட்டில் கேட்டேன். நகல் வந்தது. நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயர், பிள்ளையார் கோவில் நிறுத்தம், காலை 7.40.

நோட்டுப் புத்தகம்

சான்று சேர்ப்பது என்றதும் எல்லாரும் போனை எடுத்து வீடியோ பிடிக்கிறார்கள். ஓடுகிற வண்டியில் டிரைவர் முகத்துக்கு நேராகப் போனை நீட்டிச் சண்டை போடாதீர்கள். நாற்பது பேர் உயிர் அவர் கையில் இருக்கிறது. இறங்கியபின் நம்பர் பலகை தெரிய ஒரு படம், படிக்கட்டோடு ஒரு படம் போதும். டிக்கெட்டைக் கசக்கிப் போடாதீர்கள். மெஷின் டிக்கெட்டில் நாளும் நேரமும் அடித்திருக்கும். அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் அதிகாரிகளை அசைப்பது ஒரு நாள் படம் இல்லை, பல நாள் கணக்கு. ஒரு 40 பக்க நோட்டு வாங்கி 14 நாள் எழுதினேன். நாள், வரவேண்டிய நேரம், வந்ததா, எங்கே திரும்பியது, எத்தனை பேர் இறங்கி நடந்தார்கள், சாட்சி யார். டீக்கடையில் உட்கார்ந்துதான் எழுதினேன். 14 நாளில் வண்டி ஊருக்குள் வந்தது இரண்டு நாள். இரண்டுமே கோவில் கொடைத் திருவிழா நாள். கூட்டம் இருந்தது, அதனால் வந்தார்கள்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று எது வரை செல்லும் என்று தெரியும். எப்.சி. தீர்ந்த வண்டி என்றால் மனுவின் முதல் வரியிலேயே அதைப் போடுங்கள். மற்ற மீறல்களுக்குச் சாட்சி வேண்டும், இதற்கு அரசின் கணினியே சாட்சி.

இன்னொன்று: 2022-இல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி கண்டக்டர் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. இல்லை என்பதே மனுவில் இன்னொரு வரி.

திங்கட்கிழமை, கொக்கிரகுளம்

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே போய்விடுங்கள். 2017-இல் இதே வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்த கொடுமைக்குப் பிறகு வாசலில் பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள், பொறுமையாக நில்லுங்கள். மனுவைப் பதிவு செய்து எண் வாங்காமல் திரும்பாதீர்கள். போகமுடியாதவர்கள் 1100-க்கு போன் பண்ணி முதல்வரின் முகவரித் துறையில் பதியலாம். ஆனால் நகல் ஆவணங்களோடு நேரில் கொடுப்பதற்கு ஈடில்லை.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. நான் கொடுத்தது ஏறக்குறைய இப்படி:

'பெறுநர்: மாவட்ட ஆட்சியர் மற்றும் வட்டாரப் போக்குவரத்து ஆணையம், திருநெல்வேலி.

பொருள்: இன்ன எண்ணுள்ள மினி பேருந்து அனுமதிக்கப்பட்ட கடைசி நிறுத்தம் வரை இயக்கப்படாதது, மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 86-இன் கீழ் நடவடிக்கை கோருதல்.

ஐயா, மேற்படி வண்டியின் அனுமதிச் சீட்டின்படி (நகல் இணைப்பு 1) காலை 7.40-க்கும் மாலை 5.15-க்கும் எங்கள் ஊர் பிள்ளையார் கோவில் நிறுத்தத்துக்கு வரவேண்டும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை 14 நாளில் 12 நாள் வரவில்லை (நாட்குறிப்பு இணைப்பு 2). இது அனுமதியின் நிபந்தனை மீறல். உரிமையாளரிடம் விளக்கம் பெற்று, அனுமதிக்கப்பட்ட தடத்தில் இயக்க உத்தரவிடவும், எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.'

அவ்வளவுதான். 'ஏழை எளிய மக்கள்', 'தங்கள் பொற்பாதம்' எதுவும் வேண்டாம். வாசலில் மனு எழுதிக்கொடுப்பவர்கள் இவற்றையெல்லாம் சேர்த்துவிடுவார்கள்.

பிரிவு 86 என்று ஏன் போட்டேன்? டிரைவர் மேல் அபராதம் போட்டால் அது சம்பளத்தில் பிடித்தமாகி அந்த மனிதர் வீட்டு அரிசியில் போய் நிற்கும். கலெக்சனுக்கு ஏற்ப பேட்டா வாங்குகிறவர்கள் அவர்கள். கடைசி ஊருக்குப் போகாதே என்று சொன்னவர் வேறொருவர். 86 பெர்மிட்டை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ வழிசெய்கிறது. நிபந்தனையை மீறி ஓட்டினால் 192ஏ-இன்படி 10,000 ரூபாய் அபராதமும் உண்டு. பெர்மிட் என்ற சொல் மனுவில் விழுந்தால்தான் முதலாளி போனை எடுப்பார்.

பைபாஸில் இறக்கிவிடும் வழக்குக்கும் இதே முறைதான். திருநெல்வேலி, நாகர்கோவில் இடையே ஓடும் வண்டிகள் ஊருக்குள் வராமல் நாலுவழிச் சாலையிலேயே போய்விடுவதைப் பற்றி நாங்குநேரிக்காரர்கள் வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். அங்கே பெரும்பாலும் அரசு பஸ் என்பதால், தடத்தின் நேர அட்டவணையைக் கழகத்திடமே தகவல் உரிமையில் கேட்க வேண்டும். டிக்கெட் கொடுக்கும்போதே, "உள்ள போவாது" என்று சொன்னால், அந்த இடத்திலேயே 149-க்கு போன் போட்டு வண்டி எண்ணைச் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

டிரைவர் குடித்திருக்கிறார் என்று பட்டால், இரண்டு வண்டிகள் போட்டிபோட்டு ஓடினால், மனுவெல்லாம் பிறகு. 112-க்கு அடித்து, வண்டி எண், போகும் திசை, அடுத்து வரும் ஊர், மூன்றை மட்டும் சொல்லுங்கள். முக்கூடலைத் தாண்டிவிட்டது என்றால் அடுத்த காவல் நிலையம் நிறுத்திவிடும். பெண்களுக்குத் தொல்லை என்றால் 181-உம் உண்டு. முறைப்பது, சீட்டியடிப்பது, கண்ணடிப்பது செய்கிறவனை இறக்கிவிடவோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ கண்டக்டருக்குப் பொறுப்பு இருக்கிறது. மேலே சொன்ன 2022 திருத்தம்தான். கண்டக்டரே கண்டுகொள்ளாவிட்டால் புகாரில் அவர் பெயரும் சேரும்.

பிறகு என்ன ஆகும்

என் மனுவுக்கு 26-ஆம் நாள் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) ஊருக்கு வந்தார். அன்று வண்டி சரியாக 7.40-க்குப் பிள்ளையார் கோவிலில் நின்றது, கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து. யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்காதீர்கள். நோட்டைக் காட்டினேன், ஆச்சிமார் நாலு பேர் வாக்குமூலம் கொடுத்தார்கள். உரிமையாளருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. ஒன்றரை மாதம் ஒழுங்காக வந்தார்கள். பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் வரவில்லை, பிறகு வெள்ளியும் புதனும். நான் டீக்கடையில் நோட்டை மறுபடி எடுத்து வைத்ததைக் கண்டக்டர் தம்பி பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அதை உள்ள வைங்க, நாளைக்கு வாரோம்" என்றான். வந்தார்கள்.

அரசு பதிலில் 'நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடிக்கப்பட்டது' என்று வரும். அதை நம்பிக் கோப்பை மூடாதீர்கள். பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டு அதே பொருளில் அடுத்த மனு கொடுங்கள். இரண்டாவது மீறல் என்று பதிவாவதில் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. பெர்மிட் ஐந்து வருஷத்துக்குத்தான். புதுப்பிக்கும் விண்ணப்பம் வரும்போது, கடைசி 12 மாதத்துக்குள் அனுமதியில்லாத தடத்தில் ஓட்டியதற்காகவோ அனுமதியில்லாத நடை அடித்ததற்காகவோ இரண்டு தடவை அல்லது அதற்கு மேல் தண்டிக்கப்பட்டிருந்தால், புதுப்பிக்க மறுக்கலாம் என்று 81-ஆம் பிரிவு சொல்கிறது. காலாவதி நாளுக்கு 15 நாள் முன்னாலாவது உரிமையாளர் விண்ணப்பித்தாக வேண்டும். அந்த நாள் உங்கள் கையில் உள்ள பெர்மிட் நகலின் முதல் பக்கத்திலேயே இருக்கும். எங்கள் மினி பஸ்ஸின் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, டீக்கடைக்காரர் தலைக்கு மேலேதான் மாட்டியிருக்கிறேன். கண்டக்டர் தம்பி டீ குடிக்க வரும்போது பார்க்கிற இடம்.